ஃபைஃபீல்டு டவுன் புல்வெளியில் தெரியும் திட்டுகள்: மூவாயிரம் ஆண்டு வயல்கள் திறந்த வெளியில் எப்படித் தப்பின?

மேட்டுநிலம் எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் வில்ட்ஷையர் வட்டாரத்தில், ஏவ்பரி கல்வட்டத்துக்கும் மார்ல்பரோ நகரத்துக்கும் நடுவே, ஓவர்டன் டவுன், ஃபைஃபீல்டு டவுன் என்று அடுத்தடுத்து இரண்டு மேட்டுப் புல்வெளிகள் இருக்கின்றன (இங்கே டவுன் என்பது நகரத்தை அன்று, மேட்டுப் புல்வெளியைக் குறிக்கும்). வேலை நிமித்தமாக அந்தப் பக்கத்தில் குடியிருப்பதால் அடிக்கடி அங்கே நடக்கப் போவதுண்டு. பெரும்பாலும் மரமில்லாத, ஆடுமாடு மேயும் குட்டைப் புல்தரை. அதன்மேல் சார்சன் எனப்படும் சாம்பல் நிறக் கற்கள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. வெயில் சாயும் நேரத்தில் அந்தப் புல்தரையில் நீண்ட திட்டுகள் சதுரம் சதுரமாக நிழலோடு எழுந்து தெரிகின்றன. இவை வெண்கலக் காலத்திலும் பின்னர் உரோமானியர் ஆட்சிக் காலத்திலும் உழுத வயல்களின் எல்லைகள் என்றும், இவற்றின் நடுவே உழவர் குடியிருப்புகள் இருந்தன என்றும் படித்தேன்.

எனக்கு இதில் சில ஐயங்கள் இருக்கின்றன. நம் ஊரில் பழைய குடியிருப்பு என்றால் அது மண்ணுக்குள் மூடிக் கிடக்கும். கீழடியில் தென்னந்தோப்புக்கு அடியில் தோண்டித்தான் கட்டடங்களைக் கண்டார்கள். இங்கேயோ மேலே எதுவும் மூடியிருக்கவில்லை. மழையும் பனியும் காற்றும் நேரடியாகப் படும் இடத்தில், கல்லால் கட்டாத வெறும் மண் திட்டு மூவாயிரம் ஆண்டுகள் நிற்பது எப்படி? அது வயல் வரப்புதான், இயற்கையான மேடு அல்ல என்று எதைக் கொண்டு உறுதியாகச் சொல்கிறார்கள்? அந்த உழவர்களின் வீடுகள் எங்கே போயின? இவ்வளவு முக்கியமான இடம் என்றால், முழுவதையும் தோண்டிப் பார்க்காமல் புல்லாகவே விட்டிருப்பது ஏன்?

தொல்லியலிலும் உழவிலும் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் பயன்படும்.

ஏர்முனை எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் கேள்விகளில் திட்டுகளைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நீங்கள் பார்க்கும் திட்டுகளை யாரும் கட்டவில்லை. அவை உழவினால் தாமாக உருவானவை. அங்குள்ள தரை முழுவதும் சீமைச்சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் இருக்கும் மண் மிக மெல்லியது. சரிவான நிலத்தில் ஒரு துண்டை ஆண்டுதோறும் உழுதால், கொழு கிளறிய மண் ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். கீழ் எல்லையில் ஒரு வேலியோ, பொறுக்கிப் போட்ட கல் வரிசையோ, உழாமல் விட்ட புல் வரப்போ இருந்தால், இறங்கிய மண் அதில் தங்கி உயரும். மேல் எல்லையிலோ மண் குறைந்து, நிலம் சுண்ணாம்புப் பாறைக்குள் அரிந்ததுபோல் பள்ளமாகும். இப்படி ஒரு வயலின் அடியில் சேர்ந்த மண்ணும் அதற்கடுத்த வயலின் தலைமாட்டில் அரிந்த பள்ளமும் சேர்ந்து ஒரு படியாக நிற்கும். ஆங்கிலேயத் தொல்லியலார் இந்தப் படியை லிஞ்செட் என்கிறார்கள். ஃபைஃபீல்டு டவுனில் சில லிஞ்செட்டுகள் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கின்றன. அவ்வளவு மண் சேர்வதற்குப் பல தலைமுறை உழவு வேண்டும்.

இயற்கையான மேட்டில் இந்த அமைப்பு வராது. திட்டின் குறுக்கே ஒரு குழி வெட்டினால், உழவில் அரைபட்ட மண் கீழ்ப்பக்கமாகத் தடித்துக்கொண்டே போவது வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரியும். அடியில் சுண்ணாம்புப் பாறையின் மேல்முகத்தில் கொழு கீறிய கோடுகளையும் காணலாம். சேர்ந்த மண்ணுக்குள் சிறிய பானை ஓடுகள் முனை மழுங்கிக் கிடைக்கும். வீட்டுக் குப்பையும் சாணமும் எருவாக வயலுக்கு வந்தபோது அவற்றோடு உடைந்த ஓடுகளும் வந்தன. பின்னர் உழவில் உருண்டு தேய்ந்தன. ஃபைஃபீல்டில் கிடைத்த உரோமானியர் கால ஓடுகளைக் கொண்டுதான், வெண்கலக் காலத்தில் வகுத்த வயல்கள் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் மறுபடியும் உழவுக்கு வந்தன என்று அறிந்தார்கள். ஒரே திட்டில் இரண்டு காலத்து உழவு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது.

வயல்கள் ஏன் சிறியவையாகவும் ஏறக்குறையச் சதுரமாகவும் இருக்கின்றன என்பதையும் நம்மவர்கள் எளிதில் உணர முடியும். அவர்கள் ஓட்டியது, நம் நாட்டுக் கலப்பையைப் போல, மண்ணைக் கீறுமே தவிரப் புரட்டிப் போடாத மரக்கலப்பை. அத்தகைய கலப்பையால் நீளவாக்கில் ஒரு சால் ஓட்டினால் மட்டும் போதாது. மறுபடி குறுக்குச் சால் ஓட்ட வேண்டும். இரண்டு திசையிலும் உழ வேண்டிய நிலம் சதுரத்தை ஒட்டி இருப்பதுதான் வசதி. ஏவ்பரிக்கு அருகே சவுத் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் ஒரு நீள்மேட்டுக் கல்லறைக்கு அடியில், சுண்ணாம்புத் தரையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இத்தகைய கீறல்கள் கிடைத்தன. அவை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. அதாவது நீங்கள் பார்க்கும் வயல்களைவிடவும் அந்த வட்டாரத்தின் உழவு மிகப் பழையது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது வயல்களின் திசை. மேலிருந்து பார்த்தால் பல வயல்கள் ஒரே அச்சில், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், பெரும்பரப்பில் வரிசையாக வகுக்கப்பட்டிருக்கின்றன. தெற்கே சாலிஸ்பரி சமவெளியிலும் இதே ஒழுங்கு உண்டு. ஒரு குடும்பம் தன் தேவைக்குக் காடு திருத்தி ஒவ்வொரு துண்டாகச் சேர்த்திருந்தால் இப்படி அமையாது. பலர் கூடிப் பேசி, இந்த நிலத்தை இந்த வாக்கில் பிரிப்போம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எழுத்து ஒன்றும் விட்டுச் செல்லாத மக்களின் பொது முடிவை இன்று நாம் புல்தரையில் படிக்கிறோம்.

இந்த ஒழுங்கை முதலில் தெளிவாகக் காட்டியவை வான்படங்கள். முதல் உலகப் போரில் வான்வழியாக வேவு பார்த்த அனுபவம் உள்ள தொல்லியலாளர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, 1920களின் தொடக்கத்தில் விமானப்படை எடுத்த படங்களில் இத்தகைய வயல்களைக் கண்டார். பிறகு 1924இல் அலெக்சாண்டர் கெய்லர் என்ற தொல்லியலாளருடன் சேர்ந்து இந்தக் குன்றுகளின்மேல் பறந்து படமெடுத்தார். தரையில் நிற்பவருக்கு ஒரு திட்டு மட்டும் தெரியும். மேலே பறந்தவருக்கு ஊரின் நிலவரைபடமே தெரிந்தது.

பழங்குழி எழுதியது:

நண்பர் ஏர்முனை வயல்களைப் பற்றி நன்கு விளக்கிவிட்டார். வீடுகள் எங்கே என்ற கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

வீடுகள் மரமும் களிமண் பூச்சும் கூரைப் புல்லும் கொண்ட வட்ட வடிவக் குடில்கள். மரம் மட்கிவிட்டது, கூரை எரிந்தோ அழுகியோ போய்விட்டது. ஆனால் கம்பம் நட்ட குழி மட்டும் அழிவதில்லை. சுண்ணாம்புப் பாறை வெள்ளையாக இருப்பதால், அதில் வெட்டிய குழிக்குள் பின்னர் நிரம்பிய கருமண் பளிச்சென்று தெரியும். அந்தக் கரும்புள்ளிகளை வரிசைப்படுத்தினால் வீட்டின் சுவர், வாசல், நடுக் கம்பங்கள் எல்லாம் தரையில் எழுந்து வரும். சரிவில் கட்டிய வீடுகளுக்கு முதலில் தரையை வெட்டிச் சமன்படுத்தினார்கள். அந்தச் சமதளங்கள் இன்றும் புல்லுக்கு மேலேயே வட்டமான பள்ளங்களாகப் பல இடங்களில் தெரிகின்றன.

ஓவர்டன் டவுனில் தொல்லியலாளர் பீட்டர் ஃபவுலர் 1959 முதல் பல்லாண்டுகள் ஆய்வு செய்தார். பழைய வயல்களின் மேலேயே அமைந்த ஓர் இரும்புக் காலக் குடியிருப்பையும், வேறொரு பக்கத்தில் உரோமானியர் ஆட்சியின் கடைசிக் காலத்துக் குடியிருப்பையும் அவர் அகழ்ந்தார். ஃபைஃபீல்டு டவுனில் ராடன் என்று ஆவணங்களில் குறிக்கப்படும் இடைக்காலப் பண்ணை வீடு ஒன்றும் அவருடைய அகழாய்வில் வெளிவந்தது. ஆகவே அந்தப் புல்வெளியை ஒரே காலத்து ஊராக எண்ணக் கூடாது. மக்கள் வந்திருக்கிறார்கள், உழுதிருக்கிறார்கள், விட்டுப் போயிருக்கிறார்கள், நூற்றாண்டுகள் கழித்து வேறு மக்கள் அதே வரப்பைப் பிடித்து மறுபடி உழுதிருக்கிறார்கள்.

வீடுகளைப் பற்றி நமக்கு இன்று இருக்கும் தெளிவு எளிதாக வந்ததன்று. இரும்புக் காலக் குடியிருப்புகளில் சுண்ணாம்பில் ஆழமாக வெட்டிய குழிகள் பல உண்டு. 1930கள் வரை ஆங்கிலேய அறிஞர்கள் பலர், அன்றைய மக்கள் அந்தக் குழிகளுக்குள்ளேயே வாழ்ந்தார்கள் என்று நம்பினார்கள். நாஜி ஆட்சியில் பதவி இழந்து இங்கிலாந்து வந்த கெர்ஹார்டு பெர்சு என்ற ஜெர்மானிய அகழாய்வாளர், 1938இலும் 1939இலும் சாலிஸ்பரிக்கு அருகே லிட்டில் உட்பரி என்ற பண்ணைக் குடியிருப்பை அகழ்ந்தார். குறுகிய குழிகளாக வெட்டுவதை விட்டு, பரந்த பரப்பைத் திறந்து பார்த்ததால், ஏறக்குறைய 15 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பெரிய வட்ட வீட்டின் கம்பக் குழிகள் முழுமையாக அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. குடியிருந்தது வீட்டில், குழிகளோ தானியம் சேமிப்பதற்கு. ஓர் ஆய்வு முறை மாறியதால், குழிக்குள் ஒடுங்கிக் கிடந்ததாகக் கருதப்பட்ட மக்கள், பெரிய கூரையின் கீழ் வாழ்ந்த உழவர்களாக நம் முன் நிமிர்ந்து நின்றார்கள். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஈரமான அந்த நாட்டில் மண்ணுக்குள் வைத்த தானியம் கெடாதா என்ற ஐயம் எழும். ஹாம்ப்ஷையரில், பழங்கால உழவையும் வீட்டையும் செய்து பார்க்கும் சோதனைப் பண்ணையான பட்சர் பழம்பண்ணையை 1972 முதல் நடத்திய பீட்டர் ரேனால்ட்ஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். குழியில் தானியத்தை நிரப்பி, வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், ஓரத்திலும் மேலேயும் உள்ள மணிகள் ஈரம்பட்டு முளைக்கத் தொடங்கும். அவை உள்ளேயிருக்கும் உயிர்வளியைத் தீர்த்துக் கரியமிலவாயுவை வெளியிடும். அந்தக் காற்றில் பூச்சியும் பூஞ்சையும் பெருக முடியாது. நடுவிலுள்ள தானியம் உறங்கிக் கிடக்கும். குளிர்காலம் கழிந்து திறந்தபோது அது விதைக்கும் தகுதியோடு இருந்தது. அவர் பயிரிட்டவை எம்மர், ஸ்பெல்ட் என்னும் பழைய உமிக் கோதுமை வகைகள். எம்மர் என்பது நம் சம்பா கோதுமையின் இனம்தான். அதே பண்ணையில் டார்செட் அகழாய்வு ஒன்றின் கம்பக் குழிகளைக் கொண்டு 1976இல் ஒரு வட்ட வீட்டையும் முழு அளவில் கட்டினார்கள். 1990இல் அதைப் பிரித்தபோது, மண்ணுக்குள் இருந்த கம்ப நுனிகள் மட்கிப் போயிருந்தும் வீடு அசையாமல் நின்றிருந்ததைக் கண்டார்கள். கூரையின் வளையமும் சுவரின் வளையமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. சசெக்ஸ் குன்றுகளில் இட்ஃபோர்டு ஹில் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பை 1949 முதல் 1953 வரை அகழ்ந்தார்கள். ஒரு குழியில் கரிந்த வாற்கோதுமை கிடைத்தது. 1971இல் அந்தக் குடியிருப்புக்கு அருகிலேயே இருந்த ஈமக்காட்டை ஆராய்ந்தபோது, அங்கு கிடைத்த ஓர் ஓடு குடியிருப்பில் முன்பே எடுத்த பானையின் உடைந்த விளிம்போடு பொருந்தியது. அந்த வீட்டாரும் அங்கே எரியூட்டப்பட்டவர்களும் ஒரே மக்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது.

மேட்டுநிலம் எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. நான் திட்டைக் கட்டியதாகவே எண்ணியிருந்தேன். உழவிலேயே அது வளர்ந்தது என்பதை அறிந்ததும் அந்த நிலத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

ஆயினும் என் முதல் ஐயம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. மண்ணைக் கீழே இறக்கியது மழைதான் என்றால், உழவு நின்ற பிறகும் அதே மழை அந்தத் திட்டையும் கரைத்திருக்க வேண்டுமல்லவா? மேலும் அவ்வளவு ஆண்டு குடியிருந்த இடத்தில் நடக்கும்போது ஒரு பானை ஓடுகூடக் காலில் தட்டுப்படவில்லையே, அது ஏன்?

புல்வேர் எழுதியது:

மிகச் சரியான கேள்வி. விடை புல்லிலும் ஆட்டிலும் மண்புழுவிலும் இருக்கிறது.

உழாத சுண்ணாம்பு மண்ணில் ஆடு மேயும் புல் மிக நெருக்கமாக வளரும். ஆட்டு ஃபெஸ்கியூ என்னும் நுண்புல்லும் காட்டுத் தைமும் பிற சிறு செடிகளும் வேர்பின்னி, தரையை ஒரு கனத்த விரிப்பாகப் போர்த்திவிடும். அடியிலுள்ள பாறை நீரை உடனே உறிஞ்சிக்கொள்வதால் மேலே ஓடி அரிக்கும் நீரும் குறைவு. வெறும் மண்மேல் விழும் மழை அரிக்கிறது; புல்மேல் விழும் மழை உள்ளே இறங்கிவிடுகிறது. திட்டை உருவாக்கிய மழையே அதைக் கரைக்காமல் விட்டதற்குக் காரணம் நடுவில் வந்த புல்தான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. நீங்கள் நடக்கும் அதே ஓவர்டன் டவுனில் 1960இல் ஒரு சோதனை மேட்டைக் கட்டினார்கள். பழங்காலத்தவர் செய்ததுபோல ஓர் அகழி வெட்டி, அந்தச் சுண்ணாம்பைக் குவித்துக் கரை எழுப்பி, அதற்குள் துணி, தோல், மரம், எலும்பு, மட்பாண்டம் ஆகியவற்றை இடம் குறித்து வைத்துப் புதைத்தார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகள் கழித்து ஒவ்வொரு பகுதியாக வெட்டிப் பார்ப்பது என்று திட்டமிட்டார்கள். முதல் சில குளிர்காலங்களிலேயே உறைபனி அகழியின் ஓரங்களை உதிர்த்து அடியை நிரப்பிவிட்டது. பிறகு புல் பற்றியதும் மாற்றம் மிகவும் மந்தமாகிவிட்டது. அதாவது ஒரு மண் வேலையின் வடிவம் தொடக்கத்தில் வேகமாகக் குலைந்து, பின்னர் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 64ஆம் ஆண்டு 2024இல் வந்தது. 128ஆம் ஆண்டு 2088இல் வரும். தாங்கள் பார்க்க முடியாத முடிவுக்காக அந்த அறிஞர்கள் இதைத் தொடங்கி வைத்தார்கள் என்பது எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது.

ஓடுகள் காலில் தட்டுப்படாததற்கு மண்புழுவே காரணம். புழுக்கள் கீழிருந்து நுண்மண்ணைத் தின்று மேலே கழிப்பதால், தரையில் கிடக்கும் கல்லும் ஓடும் மெல்ல மெல்ல அமிழ்ந்து போகும். சார்லஸ் டார்வின் தம் வீட்டருகே ஒரு புல்வெளியில் 1842இல் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோது, அவை 7 அங்குல ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தன. பழைய புல்வெளியில் காலுக்குக் கீழே முதலில் கல்லே இல்லாத மெல்லிய மண்தான் இருக்கும்; ஓடுகள் அதற்கடியில் இருக்கும். அந்தக் கல்லில்லா மண்ணின் தடிப்பே, நிலம் நெடுங்காலமாக உழப்படவில்லை என்பதற்கு ஓர் அடையாளம். உழுத வயலில்தான் ஓடு மேலே கிடக்கும். ஓடு கண்ணில் படுகிறது என்றால் அங்கே அழிவு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்தப் புல் இத்தனை நூற்றாண்டுகள் நீடித்தது தற்செயல் அன்று. உரோமானியர் காலத்துக்குப் பிறகு ஊர்கள் கென்னெட் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டன. உழவு ஆற்றோர நிலத்தில் நடந்தது, மேட்டுநிலம் ஆடுகளுக்கு என்று ஆனது. பகலெல்லாம் மேலே மேய்ந்த மந்தையை மாலையில் கீழே ஓட்டிவந்து உழவு நிலத்தில் கிடை மறித்தார்கள். நம் கிராமங்களில் அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டின் புல் எருவாக மாறிப் பள்ளத்து வயலுக்கு வந்தது. அந்த எருவுக்காகவே மேட்டை உழாமல் காத்தார்கள். இடைக்காலத்தில் ஃபைஃபீல்டு டவுனின் சில பகுதிகள் மறுபடி உழவுக்கு வந்தது உண்மை. அந்தச் சால்களின் தடமும் பழைய வயல்மேல் தெரிகிறது. ஆனால் அது குறுகிய காலம்தான். சார்சன் கற்கள் நிறைந்த நிலம் என்பதால் கொழுவுக்கும் பின்னர் இயந்திரத்துக்கும் அது ஒத்துவரவில்லை.

ஆகவே இந்தக் குடியிருப்பு கைவிடப்பட்டதால் மட்டும் பிழைத்தது என்று சொல்வது பொருந்தாது. கைவிட்டிருந்தால் முள்ளும் புதரும் மரமும் ஏறி, அவற்றின் வேர்களும் முயல் வளைகளும் திட்டுகளைப் பெயர்த்திருக்கும். ஓர் உழவு முறைக்குத் தேவைப்பட்டதாலேயே அதற்கு முந்திய உழவின் தடம் காக்கப்பட்டது.

நிலவரை எழுதியது:

முழுவதையும் ஏன் தோண்டவில்லை என்ற கேள்வி விடுபட்டிருக்கிறது. அகழாய்வு என்பது திரும்பச் செய்ய முடியாத வேலை. தோண்டிய மண்ணடுக்கு மறுபடி கிடைக்காது. 1938க்கு முன் சிறு குழிகளாக வெட்டியவர்களுக்கு வட்ட வீடு தெரியவில்லை என்பதை நண்பர் பழங்குழி குறிப்பிட்டார். அவர்கள் எல்லா இடத்தையும் அப்படியே வெட்டி முடித்திருந்தால் பெர்சுவுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. இன்று மண்ணிலுள்ள மகரந்தம், நத்தை ஓடு, கரிந்த விதை ஆகியவற்றிலிருந்து அன்றைய காட்டையும் பயிரையும் படிக்கிறார்கள்; நாளை வேறு வழி வரும். அதற்கு இடம் வைக்க வேண்டியது நம் கடமை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தோண்டாததைப் பற்றி அன்று, உழுததைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாட்டால் பழைய புல்வெளிகளை உழும்படி அரசே ஆணையிட்டது. போருக்குப் பிறகு விலை உறுதியும் மானியமும் டிராக்டரும் சேர்ந்து, ஆயிரம் ஆண்டுகள் ஏர் படாத குன்றுகளைச் சில பத்தாண்டுகளில் தானிய வயல்களாக்கிவிட்டன. கிராஃபோர்டு 1920களில் படமெடுத்த பல வயல் தொகுதிகள் இன்று தரையில் தட்டையாகிவிட்டன. வளரும் பயிரின் நிற வேறுபாட்டில்தான் அவை மேலிருந்து தெரிகின்றன. 1979ஆம் ஆண்டின் நினைவுச்சின்னச் சட்டம் பட்டியலிட்ட இடங்களைக் காக்கிறது என்றாலும், ஏற்கெனவே உழவில் இருந்த நிலத்தில் அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழுவதற்குப் பொது அனுமதி கொடுத்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் மண் சிறிது இறங்க, கொழு சிறிது ஆழப் பாயும். உழவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் பிழைப்பு அது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் சரிவில் மண் நிற்காது என்பதை எண்ணியிருக்க வேண்டும். இந்தத் தொடரில் விளக்கிய லிஞ்செட்டே அதற்குச் சான்று.

ஃபைஃபீல்டு டவுன் தேசிய இயற்கைக் காப்பிடமாகவும் ஏவ்பரி உலக மரபுச்சின்னப் பகுதிக்குள்ளும் இருப்பதால் தப்பியது. தெற்கே சாலிஸ்பரி சமவெளியைக் காத்தது வேறொன்று. 1897 முதல் அந்த நிலத்தைப் படைப் பயிற்சிக்காகப் படைத்துறை வாங்கிக் குவித்தது. ஏறக்குறைய 38,000 ஹெக்டேர் பரப்பில் உழவு பெரும்பாலும் நின்றுவிட்டதால், சிசன்பரி வாரன் போன்ற உரோமானியர் கால ஊர்கள் தெருவும் வீட்டுத் தளங்களும் வரிசையாகத் தெரியும்படி புல்லுக்கடியில் எஞ்சியிருக்கின்றன. ஆனால் அந்தக் காப்புக்கு ஒரு விலையும் இருந்தது. இம்பர் என்ற ஊரின் மக்கள் 1943இல் பயிற்சிக்காக வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தும் அவர்கள் திரும்பிக் குடியேற முடியவில்லை. பழைய ஊர்களைக் காத்த அதே வேலிதான் உயிருள்ள ஓர் ஊரை முடித்தது. சமவெளியைப் புகழ்ந்து பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

மேட்டுநிலம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த முறை போகும்போது எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதை யாராவது சொன்னால், குழந்தைகளையும் அழைத்துச் சென்று காட்டுவேன்.

ஏர்முனை எழுதியது:

கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஏவ்பரியிலிருந்து கிழக்கே ஏறும் கிரீன் ஸ்ட்ரீட் என்ற பழைய பாதையைப் பிடித்தால், ரிட்ஜ்வே நெடும்பாதையைக் கடந்து நேராக ஃபைஃபீல்டு டவுனுக்குள் செல்லலாம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருக்கும் காலை அல்லது பிற்பகல் நேரமே ஏற்றது. கோடையின் உச்சி வெயிலில் திட்டுகள் தட்டையாகத் தெரியும். ஒரு திட்டின்மேல் நின்று பார்ப்பதைவிட, எதிர்ச் சரிவில் நின்று பார்த்தால் வயல்களின் கட்டம் நன்கு விளங்கும். அங்கே புல்லுக்குள் கிடக்கும் சார்சன் கற்களில் ஒன்றில், புதிய கற்காலத்தவர் கோடரி தீட்டியதால் விழுந்த ஆழமான பள்ளங்களும் வழவழப்பான கிண்ணம் போன்ற தேய்வும் உண்டு. குழந்தைகள் விரலை வைத்துப் பார்க்கலாம். கற்களின்மேல் ஏற மட்டும் விடாதீர்கள், ஏனெனில் அவற்றில் வளரும் அரிய கற்பாசிகள் காலடியில் பெயர்ந்துவிடும்.

போவதற்கு முன், இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் இலவசமாக வெளியிட்டிருக்கும் லைடார் உயரப் படங்களை இணையத்தில் திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேசர் ஒளியால் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து எடுத்த படங்கள் என்பதால், வயல்களின் எல்லைகளும் அவற்றின் நடுவே ஓடும் வழித்தடங்களும் மிகத் தெளிவாக இருக்கும். அதை அச்சிட்டுக் கையில் கொண்டுபோனால், எந்தத் திட்டில் நிற்கிறீர்கள் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். உலோகத் துப்பறி கருவி எதையும் கொண்டுபோக வேண்டாம். பட்டியலிட்ட இடத்தில் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.